இரவில் வரும் கால் அந்தரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படுத்த பிறகு காலை அசைக்காமல் வைத்திருக்க முடியாமல் போகிற வருத்தத்தை மருத்துவர்கள் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்பார்கள். சுருக்கமாக ஆர்.எல்.எஸ். வன்னியில் கிளினிக் வாங்கிலும் மருந்துக்கடை வாசலிலும் இதைப் பற்றி அடிபடுகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

படுத்தவுடன் காலுக்குள் ஏதோ செய்கிறது. எழுந்து நடந்தால்தான் அடங்குகிறது. இது வருத்தமா, வெறும் மனப்பிரமையா?

வருத்தம்தான். 1672ஆம் ஆண்டிலேயே தோமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் இதை எழுதி வைத்திருக்கிறார். 1945இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் ஏக்பொம் இதைத் தனி நோயாக விவரித்து, இப்போதுள்ள பெயரையும் வைத்தார்.

இதை உறுதிப்படுத்த ஸ்கேன் எதுவும் கிடையாது. நீங்கள் சொல்லும் கதைதான் சோதனை. மருத்துவர் நாலு விஷயம் கேட்பார். காலை அசைத்தே ஆகவேண்டும் என்ற உந்துதல் இருக்கிறதா? உட்கார்ந்திருக்கும்போதும் படுக்கும்போதும் அது வருகிறதா, கூடுகிறதா? நடந்தால், காலை நீட்டி மடக்கினால், அசைக்கிற நேரத்துக்காவது குறைகிறதா? பகலைவிடப் பின்னேரமும் இரவும் மோசமா? நாலுக்கும் ஆம் என்றால், வேறு வருத்தம் எதுவும் இதைப்போல் நடிக்கவில்லை என்றால், அது ஆர்.எல்.எஸ்.தான். உள்ளே என்ன செய்கிறது என்பதை ஆளுக்கு ஆள் வேறு மாதிரிச் சொல்வார்கள்: ஊருகிறது, குடைகிறது, இழுக்கிறது, கரண்ட் ஓடுகிறது. சிலருக்குச் சொல்லவே வராது, "ஒரே அந்தரம்" என்பார்கள். அதுவும் போதும்.

அரிவு வெட்டுக் காலத்தில் எல்லோருக்கும்தானே கால் உளைகிறது?

வேலை செய்து களைத்த கால் படுத்தால் ஆறும். ஆர்.எல்.எஸ். உள்ள கால் படுத்தால்தான் தொடங்கும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நாள் முழுக்க வயலில் நின்றும் ஒன்றும் தெரியாமல், வீட்டுக்கு வந்து சாய்மனைக் கதிரையில் காலை நீட்டிய பத்தாவது நிமிடத்தில் அந்தரம் தொடங்கினால் அதைக் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள்.

கெண்டைக்கால் பிடிப்பு, சீனி வருத்தக்காரருக்கு வரும் கால் எரிவு எல்லாம் இதுதானா?

இல்லை. பிடிப்பு என்றால் சதை கல்லுப்போல் இறுகும், கையால் தொட்டாலே தெரியும், கடுமையாக நோகும். ஆர்.எல்.எஸ்.ஸில் சதை இறுகாது. சீனி வருத்தத்தால் நரம்பு கெட்டவர்களுக்குப் பாதம் எரியும், விறைக்கும். அது பகலிலும் இருக்கும், நடந்தாலும் போகாது. ஆனால் ஒருவருக்கு இரண்டும் சேர்ந்து இருக்கலாம். நரம்பு பாதிப்பு உள்ளவர்களிடம் ஆர்.எல்.எஸ். கூடுதலாகக் காணப்படுகிறது. ஆகவே "உங்களுக்குச் சீனிதானே, அதுதான்" என்று யாராவது முடித்துவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டாம்.

கதிரையில் இருந்து சும்மா கால் ஆட்டுகிற பழக்கம் வேறு. "காலை ஆட்டாதே, வீட்டுக்குக் கூடாது" என்று அம்மம்மாவிடம் பேச்சு வாங்கிய எல்லோரும் நோயாளிகள் இல்லை.

அப்படியானால் காரணம் என்ன?

பிரச்சினை காலில் இல்லை, மூளையில். அசைவைக் கட்டுப்படுத்த மூளை டோபமைன் என்ற இரசாயனத்தைப் பயன்படுத்துகிறது. டோபமைனை உண்டாக்க இரும்புச்சத்து வேண்டும். ஆர்.எல்.எஸ். உள்ளவர்களின் மூளையில் சில பகுதிகளில் இரும்பு குறைவாக இருப்பதை ஸ்கேன்களிலும், முள்ளந்தண்டு நீரைச் சோதித்ததிலும் கண்டிருக்கிறார்கள். உடலில் இரும்பும் டோபமைனும் இராப்பகலுக்கு ஏற்ப ஏறி இறங்குகின்றன. இரவில் கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பரம்பரையும் உண்டு. இந்த வருத்தம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குடும்பத்தில் வேறொருவருக்கும் இருக்கும். இளவயதில் தொடங்கினால் அந்தச் சாத்தியம் இன்னும் கூட. "எங்கள் அப்பப்பாவும் இரவில் முற்றத்தில் நடப்பார்" என்பது மருத்துவரிடம் சொல்ல வேண்டிய தகவல். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வருகிறது.

இவற்றுக்கு மேலே இதைக் கிளப்பிவிடுகிற விஷயங்கள் நாலைந்து இருக்கின்றன: இரும்புக் குறைவு, கர்ப்பம், சிறுநீரகச் செயலிழப்பு, நரம்பு பாதிப்பு, சில மருந்துகள். பரம்பரையை மாற்ற முடியாது, இவற்றில் பலதை மாற்றலாம். அதனால்தான் நித்திரைக் குளிசை கேட்பதற்கு முன் இரும்பைச் சோதிக்கச் சொல்கிறோம், குடிக்கிற மருந்துகளைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறோம்.

"ஃபுல் பிளட்" பார்த்தார்கள், ஹீமோகுளோபின் சரி என்றார்கள். பிறகு ஏன் இரும்பைப் பார்க்க வேண்டும்?

ஹீமோகுளோபின் கடைசியாகத்தான் விழும். அதற்கு முன்பே உடலில் சேமிப்பில் உள்ள இரும்பு தீர்ந்துபோகும். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற வேறொரு இரத்தச் சோதனை. சின்ன ஆஸ்பத்திரிகளில் இது செய்யப்படாமல் போகலாம். அப்போது மருத்துவரிடம் எழுதி வாங்கி, பெரிய ஆஸ்பத்திரியிலோ தனியார் ஆய்வுகூடத்திலோ செய்ய வேண்டிவரும். செலவழிக்க வேண்டிய ஒரு சோதனை இருந்தால் அது இதுதான்.

ஆய்வுகூட அறிக்கையில் "சாதாரணம்" என்று போட்டிருந்தாலும் இலக்கத்தைப் பாருங்கள். மற்றவர்களுக்கு 20 அல்லது 30 போதும் என்று விடலாம். ஆர்.எல்.எஸ். உள்ள பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் லீற்றருக்கு 75 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால், அல்லது டிரான்ஸ்ஃபெரின் (இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம்) இரும்பால் நிறைந்திருக்கும் அளவு 20 விழுக்காட்டுக்குக் குறைந்தால், இரும்பு கொடுப்பதை யோசிக்க வேண்டும் என்று நித்திரை மருத்துவ வழிகாட்டிகள் சொல்கின்றன. பிள்ளைகளுக்கு அந்த எல்லை 50.

காய்ச்சலோ கிருமித்தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். சுகமாகிச் சில கிழமைகள் விட்டுச் செய்யுங்கள். காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுப்பது நல்லது.

எனக்கு இரும்பு குறைவு என்று வந்துவிட்டது. ஏன் குறைந்தது?

இதைக் கேட்காமல் குளிசையை மட்டும் விழுங்குவது பாதி வைத்தியம். பெண்களுக்கு மாதவிடாயில் கூடுதலாக இரத்தம் போவதும், அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றதும் முதல் காரணங்கள். வெறுங்காலோடு தோட்டத்திலும் வயலிலும் நிற்பவர்களுக்குக் கொழுக்கிப்புழு தொற்றலாம். அது குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும். பூச்சி மருந்து மலிவு, ஆனால் பெரியவர்கள் அதைச் சின்னப்பிள்ளைகளின் விஷயம் என்று நினைத்துவிடுகிறார்கள். இரத்ததான முகாம் தவறாமல் போகிறவர்களுக்கும் சேமிப்பு இறங்கும். தானம் நல்லதுதான், இடைவெளியைக் கூட்டுங்கள்.

வயது போன ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்பு குறைந்தால் கொஞ்சம் கவனம். குடலிலோ இரைப்பையிலோ எங்காவது இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மூட்டு நோவுக்கு நெடுநாளாக வலிக்குளிசை குடிப்பவர்களுக்கு இரைப்பைப் புண் வரலாம், குடல் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். மலம் கறுப்பாகப் போகிறதா என்று பாருங்கள் (இரும்புக் குளிசை தொடங்கிய பிறகு கறுப்பாகப் போவது வழமை, அதற்கு முன் போனால்தான் கவலை).

இரும்புக் குளிசையை எப்படிக் குடிப்பது?

நாளுக்கு ஒரு தடவை, அல்லது ஒன்றுவிட்ட ஒரு நாள் குடித்தால் போதும். மூன்று நேரம் குடித்தால் மூன்று மடங்கு சேராது, வயிறுதான் கெடும். விட்டமின் சி குளிசையோடு, அல்லது தேசிக்காய்த் தண்ணீரோடு குடித்தால் நன்றாக உறிஞ்சும்.

இங்கே பெரிய எதிரி தேத்தண்ணி. நாங்கள் காலையில் எழும்பினாலும் பிளேன்ரீ, ஆள் வந்தாலும் பிளேன்ரீ, சாப்பிட்டு முடிந்தாலும் பிளேன்ரீ. தேயிலையில் உள்ள சாயச்சத்து இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிசைக்கு முன்னும் பின்னும் ஓரிரு மணித்தியாலம் தேத்தண்ணி, கோப்பி, பால் வேண்டாம். கல்சியம் குளிசையும் அந்த நேரத்தில் வேண்டாம்.

பலன் தெரிய வாரங்கள் ஆகும். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினைத் திரும்பப் பார்க்க வேண்டும். மலச்சிக்கல் வரும், கூடுதலாகத் தண்ணீர் குடியுங்கள். குளிசை ஒத்துவராதவர்களுக்கும், குடித்தும் ஏறாதவர்களுக்கும் நாளத்தின் வழியே இரும்பு ஏற்றுவார்கள், ஆர்.எல்.எஸ்.ஸுக்கு நல்ல ஆதாரம் உள்ள வைத்தியங்களில் அதுவும் ஒன்று. ஆனால் சோதனை செய்யாமல் நீங்களாக இரும்பு குடிக்க வேண்டாம். தலசீமியா போன்ற இரத்த வருத்தம் உள்ளவர்களின் உடலில் இரும்பு ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கலாம். சின்னப்பிள்ளைகள் இரும்புக் குளிசையை இனிப்பு என்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, உயரத்தில் வையுங்கள்.

முருங்கையிலை வறை சாப்பிட்டால் போதாதா?

சாப்பிடுங்கள், தேசிக்காய்ப்புளி விட்டுச் சாப்பிடுங்கள். ஆனால் இலையில் உள்ள இரும்பு உடலில் குறைவாகத்தான் சேரும். ஈரல், இறைச்சி, மீனில் உள்ளது நன்றாகச் சேரும் (கர்ப்பிணிகள் ஈரலை அளவோடு). குறைவு வராமல் பார்த்துக்கொள்ளச் சாப்பாடு போதும். வெறுமையாகிவிட்ட சேமிப்பை நிரப்ப மருந்துதான் வேண்டும்.

நான் குடிக்கிற வேறு மருந்தால் இது வருமா?

வரும், அடிக்கடி. தடிமனுக்கும் கடிக்கும் பிரிட்டன் (Piriton, குளோர்ஃபெனிரமின்) குளிசை போடாத வீடு இல்லை. சிலர் அதையே நித்திரை வரட்டும் என்றும் போடுகிறார்கள். நித்திரை தூக்கும் இந்த வகை ஒவ்வாமை மருந்துகள் ஆர்.எல்.எஸ்.ஸைக் கூட்டும். நித்திரை வரவேண்டும் என்று போட்ட குளிசையே விடிய விடிய நடக்க வைக்கும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைட்டும் அப்படித்தான். வாந்திக்கான இன்னொரு மருந்தான டொம்பெரிடோன் மூளைக்குள் பெரும்பாலும் போகாது என்பதால் பரவாயில்லை. மனநல மருந்துகளில் ஹலோபெரிடோல் போன்றவையும், மனச்சோர்வுக்கான ஃபுளூஒக்செட்டின், சேர்ட்ரலின், அமிட்ரிப்டிலின், மேர்டசப்பின் போன்றவையும் சிலருக்கு இதைக் கிளப்பும்.

போருக்குப் பிறகு மனநலக் கிளினிக்கில் மருந்து எடுப்பவர்கள் எங்கள் பக்கம் நிறையப் பேர். அவர்களுக்கு ஒன்று: கால் அந்தரம் என்று குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கிளினிக்கில் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறு மருந்துக்குப் போகலாம். மனநல மருந்துகளால் பகலிலும் இரவிலும் இருப்புக்கொள்ளாமல் உடம்பு முழுக்க அந்தரிக்கிற வேறொரு பக்கவிளைவும் உண்டு. அதைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை.

ஏழு மாதக் கர்ப்பம். ஒவ்வொரு இரவும் இதே பாடு. பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?

கர்ப்பிணிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. கடைசி மூன்று மாதங்களில்தான் கூட. பெரும்பாலானவர்களுக்குப் பிள்ளை பிறந்து சில கிழமைகளில் போய்விடும். வயிற்றில் உள்ள பிள்ளையை இது நேரடியாகத் தாக்காது. ஆனால் உங்கள் இரும்பைப் பார்ப்பது அவசியம். மருத்துவமாது தரும் இரும்புக் குளிசை பல வீடுகளில் அலுமாரிக்குள்தான் இருக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்று. அதை மருத்துவமாதுவிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், குடிக்கிற நேரத்தை மாற்றிப் பார்க்கலாம். இரும்பையும் கல்சியத்தையும் ஒன்றாகக் குடிக்காதீர்கள். ஆர்.எல்.எஸ்.ஸுக்கான மற்றக் குளிசைகளைக் கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் தவிர்ப்பார்கள்.

மாமாவுக்குச் சிறுநீரக வருத்தம். டயாலிசிஸ் கட்டிலில் நாலு மணித்தியாலம் காலை வைத்திருக்க முடியவில்லை என்கிறார்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு ஆர்.எல்.எஸ். மிகச் சாதாரணம். வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக வருத்தம் பரவியிருப்பதால் இந்தக் கேள்வி இங்கே கூடுதலாக வருகிறது. அவர் பொறுமை இல்லாதவர் என்று தாதிமாரோ வீட்டாரோ நினைத்துவிடக் கூடாது. இரும்பைப் பார்த்து ஏற்றுவது, டயாலிசிஸ் நேரத்தில் காலால் மிதிக்கிற சின்ன உடற்பயிற்சி, குறைந்த அளவு மருந்து என்று வழிகள் உள்ளன. சிறுநீரகம் மாற்றிய பிறகு பலருக்கு நன்றாகக் குறைகிறது.

கவனம்: ஆர்.எல்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் காபாபென்டின், பிரெகபாலின் என்ற மருந்துகள் இரண்டும் சிறுநீரகத்தால்தான் வெளியேறும். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அளவை இவருக்குக் கொடுத்தால் மயக்கம், தடுமாற்றம், மூச்சுக் குறைவு வரை போகும். பக்கத்து வீட்டுக்காரரின் குளிசையை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்க வேண்டாம்.

காலில் இன்னும் ஷெல் துண்டு இருக்கிறது. அதுதான் காரணமா?

துண்டு நரம்பை நெருடினால் அந்த நரம்பு ஓடுகிற இடத்தில், அந்தக் காலில் மட்டும் நோகும், எரியும், அழுத்தினால் கூடும். ஆர்.எல்.எஸ். பெரும்பாலும் இரண்டு காலிலும், சில நேரம் மாறி மாறி வரும். நரம்புக் காயம் ஆர்.எல்.எஸ்.ஸையும் தூண்டலாம் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காலை இழந்தவர்களில் சிலருக்கு இல்லாத காலிலேயே இந்த அந்தரம் வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. "இல்லாத கால் எப்படி அந்தரிக்கும்" என்று கேட்பார்களே என வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம்.

குளிசை இல்லாமல் என்ன செய்யலாம்?

லேசான வருத்தம் என்றால் நிறையச் செய்யலாம். மத்தியானத்துக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பியை விட்டுப் பாருங்கள். கள்ளு, சாராயம், சிகரெட் மூன்றும் கூட்டும். குடித்தால் நித்திரை வரும், ஆனால் நடுச்சாமத்தில் கால் எழுப்பிவிடும். பின்னேரம் அரை மணித்தியாலம் சைக்கிள் ஓடுவது, நடப்பது நல்லது. படுக்கப்போகிற நேரத்தில் கடும் வேலை வேண்டாம். வெந்நீரோ குளிர்நீரோ காலில் ஊற்றலாம், உருவிவிடலாம், கெண்டைக்காலை நீட்டி மடக்கலாம்.

மூளைக்கு வேலை கொடுத்தால் அந்தரம் குறையும் என்பது பலருக்குத் தெரியாது. கடதாசி விளையாட்டில் 304 சூடுபிடித்த நேரத்தில் கால் ஞாபகமே வராது. அதே ஆள் கூட்டத்தில் உரை கேட்டுக்கொண்டிருந்தால் நெளிவார். இருந்துதான் ஆகவேண்டிய நேரத்துக்குக் கையில் ஏதாவது வேலை வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் முற்றத்துக்கு இறங்கி நடப்பவர்கள் செருப்பும் டோர்ச்சும் இல்லாமல் இறங்க வேண்டாம். புடையன் பாம்புக்கு உங்கள் கால் அந்தரம் தெரியாது.

கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போவது நரகம். வழி உண்டா?

முடிந்தால் ரயில், எழுந்து நடக்கலாம். பஸ் என்றால் நடைபாதைப் பக்க இருக்கை எடுங்கள், முறிகண்டியில் நிற்பாட்டும்போது இறங்கி நடவுங்கள். பயண வாந்திக்கு என்று நித்திரை தூக்கும் குளிசை போடாதீர்கள், அதுதான் பலருக்கு இரவைக் கெடுக்கிறது. எப்போதாவது வரும் இப்படியான இரவுகளுக்கு மட்டும் மருத்துவர் ஒரு மருந்து எழுதித் தரலாம்.

எண்ணெய் பூசலாமா? நரம்புக்குச் சத்து ஊசி போடலாமா?

எண்ணெய் தேய்த்தால் தேய்க்கிற நேரம் சுகம், தீங்கில்லை. பி12 குறைவு சோதனையில் தெரிந்தால் ஊசி போடலாம், தெரியாமல் போடுவது காசுக்குக் கேடு. மக்னீசியத்துக்கு ஆதாரம் பலவீனம்.

கடுமையாக இருந்தால் என்ன மருந்து கொடுப்பார்கள்?

இரும்பைச் சரிசெய்தும், கிளப்பிவிடுகிற மருந்தை மாற்றியும் கிழமையில் பல இரவுகள் நித்திரை இல்லை என்றால் மருந்து தேவை. இப்போது முதலில் யோசிப்பது காபாபென்டின் அல்லது பிரெகபாலின். தலைச்சுற்று, பகல் நித்திரை, உடல் எடை கூடுதல் வரலாம். குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவார்கள். பிரெகபாலினைப் போதைக்காகப் பயன்படுத்துகிறவர்கள் இலங்கையில் இருப்பதால் மருந்துக்கடைக்காரர் சீட்டுக் கேட்டுச் சந்தேகமாகப் பார்க்கலாம். கோபப்படாமல் சீட்டைக் காட்டுங்கள். வீட்டில் இளவட்டங்கள் இருந்தால் பூட்டி வையுங்கள்.

எதற்கும் அடங்காத கடும் வருத்தத்துக்கு மிகக் குறைந்த அளவில் ஓபியம் வகை மருந்து கொடுப்பதும் உண்டு. அது விசேட மருத்துவரின் கண்காணிப்பில் மட்டும்.

கனடாவில் இருக்கும் தம்பி பிரமிபெக்சோல் அனுப்பினார். முதல் இரவே அற்புதம். தொடரலாமா?

அந்த அற்புதம்தான் சிக்கல். பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை மூளையில் டோபமைனின் வேலையைச் செய்யும், உடனே பலன் தரும். பல ஆண்டுகள் இவைதான் முதல் மருந்து. ஆனால் காலப்போக்கில் பலருக்கு வருத்தத்தையே இவை மோசமாக்குகின்றன: இரவு பத்து மணிக்கு வந்த அந்தரம் பின்னேரம் நாலு மணிக்கே வரும், கைக்கும் பரவும், குளிசையைக் கூட்டக் கூட்ட இன்னும் கூடும். 2025இல் அமெரிக்க நித்திரை மருத்துவ அக்கடமி வெளியிட்ட வழிகாட்டி, இவற்றை வழமையான வைத்தியமாகத் தொடங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சிலருக்குச் சூது, கண்மண் தெரியாத செலவு போன்ற அடக்க முடியாத ஆசைகளும் வரும். பகலில் சடுதியாக நித்திரை தூக்கும்; மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் ஓட்டுகிறவர் யோசிக்க வேண்டும்.

ஏற்கெனவே மாதக்கணக்காகக் குடிப்பவர் திடீரென நிறுத்தவும் கூடாது, சில நாள் தாங்க முடியாத அளவுக்குத் திரும்பும். பெட்டியோடு மருத்துவரிடம் போங்கள், படிப்படியாகக் குறைப்பார்.

எந்த மருத்துவரிடம் போவது?

முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி வெளிநோயாளர் பிரிவே போதும். வரிசையில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். "கால் நோகுது" என்று சொன்னால் வலிக்குளிசையோடு வீட்டுக்கு வருவீர்கள். "படுத்தால் தொடங்குது, நடந்தால் குறையுது, இரவில்தான் வருது, நித்திரை இல்லை" என்று சொல்லுங்கள். குடிக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். வீட்டுக்காரர் கூடப் போனால் இன்னும் நல்லது: இந்த வருத்தம் உள்ளவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நித்திரையிலும் காலை விட்டுவிட்டு உதறுவார்கள், அதைக் கண்டவர் பக்கத்தில் படுத்தவர்தான். தேவைப்பட்டால் மாவட்டப் பொது ஆஸ்பத்திரிக்கும் நரம்பியல் கிளினிக்குக்கும் அனுப்புவார்கள்.

பிள்ளைகளுக்கும் வருமா?

வரும். "வளருகிற நோ" என்று விடுவதில் சில இதுதான். வகுப்பில் இருப்புக்கொள்ளாத பிள்ளைக்கு இரவு நித்திரை எப்படி என்று கேளுங்கள், இரும்பையும் பாருங்கள்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, நோகிறது என்றால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். கால் பலமிழந்தால், மலசலம் கட்டுப்படாமல் போனால் முள்ளந்தண்டைப் பார்க்க வேண்டும். இவை ஆர்.எல்.எஸ். இல்லை, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.